ஞானப்பல்லின் தலையை மட்டும் வெட்டி வேரை உள்ளே விடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

இணுவில்_நாயனம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 34, தொழில் நாதஸ்வரம். வலப்பக்கக் கீழ் ஞானப்பல் முன்னால் இருக்கிற பல்லில் சாய்ந்தபடி பாதிதான் வெளியே வந்திருக்கிறது. அடிக்கடி முரசு வீங்கும், வாய் திறக்க ஏலாது, கொடுப்புக்குள் கெட்ட நாற்றம். அன்ரிபயோட்டிக் குளிசை போட்டால் அடங்கும், பிறகு திரும்ப வரும். போன பங்குனியில் ஒரு கோயில் கொடியேற்றத்தன்று வீங்கியதில், தம்பியை வாசிக்கவிட்டு நான் தாளம் போட்டுக்கொண்டு நின்றேன்.

சரி, எடுத்துவிடுவோம் என்று போனால், தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டுகிற ஓபிஜி எக்ஸ்றேயைப் பார்த்த பல் டொக்டர் "இது நான் தொடுகிற பல் இல்லை" என்று நிபுணரிடம் அனுப்பிவிட்டார். நிபுணர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பல்லின் வேர் இரண்டும் தாடைக்குள் ஓடுகிற நரம்புக் குழாயின் மேல் விழுந்து கிடக்கிறது. முழுதாகப் புடுங்கினால் கீழ்ச் சொண்டும் நாடியும் விறைத்துப்போக இடமுண்டாம். அதனால் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து, வேரை எலும்புக்குள்ளேயே விட்டு, முரசை மூடித் தைக்கலாம் என்கிறார். கொரோனெக்டமி என்று கொப்பியில் எழுதித் தந்தார்.

எனக்குச் சொண்டுதான் சோறு. நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதைக் கண்ணாடி பார்த்தா அறிகிறோம், சொண்டுதானே சொல்கிறது. ஆனாலும் வேரை உள்ளே விடுவது மனதுக்கு ஒத்துவரவில்லை. அம்மா "அரைவேலை செய்யிற டொக்டரிட்டைப் போகாதை" என்கிறா. செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கோ.


கரவெட்டி_அப்பு எழுதியது:

தம்பி, பல்லென்றால் வேரோடு வர வேணும். என்னுடைய கடைவாய்ப் பல் ஒன்று புடுங்கும்போது முறிந்து, வேர் உள்ளே நின்றுவிட்டது. ஒன்றும் செய்யாது என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு கன்னம் வீங்கி, சீழ் கட்டி, பரியாரியார் பத்துப் போட்டும் அடங்காமல் கடைசியில் கீறித்தான் எடுத்தது. வேலிக்கு நடுகிற கிளுவங்கதியாலை அரைவாசியில் தறித்துவிட்டால் அது சும்மா இருக்குமோ, திரும்பத் தழைக்கும். தெரிந்துகொண்டே வேரை விடுகிறேன் என்கிற டொக்டரை எனக்குப் பிடிபடவில்லை.


நல்லூர்_வடக்கு எழுதியது:

அப்பு சொல்வதுதான் எனக்கும் படுகிறது. இன்னொன்று, இந்தப் பல்லை எடுக்கத்தான் வேணுமா? உப்புத்தண்ணி கொப்பளித்து, கிராம்பு எண்ணெய் வைத்து எத்தனையோ பேர் சமாளிக்கிறார்கள். வெளிநாட்டில் இப்போது ஞானப்பல்லைக் கண்டபடி எடுக்கிறதில்லை என்றும் வாசித்தேன்.


வைத்தியர்_தென்மராட்சி எழுதியது:

நான் பல் வைத்தியர். இந்தச் சத்திரசிகிச்சை செய்கிற நிபுணர் இல்லை, பேராதனையில் படித்த காலத்தில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பல் என்னிடம் வந்தால் நானும் அனுப்பித்தான் வைப்பேன். ஆகவே அண்ணையை அனுப்பிவைத்த அந்த டொக்டர் நல்ல வேலைதான் செய்திருக்கிறார்.

முதலில் அப்புவின் பல். அது பெரும்பாலும் சூத்தைப் பல்லாக இருந்திருக்கும். சூத்தை ஆழமாகப் போனால், பல் முறிவதற்கு முன்பே வேருக்குள் கிருமி குடியிருக்கும். அந்த வேரை விட்டால் சீழ் கட்டாமல் என்ன செய்யும்? கொரோனெக்டமிக்கு அப்படிப்பட்ட பல்லைத் தெரிவு செய்யவே மாட்டார்கள். வேர் நல்ல வேராக, ஆட்டமில்லாமல், நுனியில் சீழ்க்கட்டு இல்லாமல் இருக்க வேண்டும். அண்ணைக்கு வீங்குவது பல்லை மூடியிருக்கிற முரசு மடிப்பு. அதற்குள் சோறும் அழுக்கும் போய் அடைவதால் வருகிற வீக்கம் அது, வேரில் இல்லை. பல்லின் தலை போய்விட்டால் அந்த மடிப்பும் போய்விடும்.

இனி நரம்பு. கீழ்த்தாடை எலும்புக்குள் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய் இருக்கிறது. தாடையின் பின்பகுதியில் உட்புறமாக நுழைகிற நரம்பு, அந்தக் குழாய் வழியே கீழ்ப்பற்களுக்குக் கிளை கொடுத்துக்கொண்டு வந்து, சிறு கடைவாய்ப் பற்களின் கீழே ஒரு துளையால் வெளியேறி, சொண்டிலும் நாடியிலும் பரவுகிறது. சொண்டை அசைப்பது இந்த நரம்பு இல்லை, அது முகநரம்பின் வேலை. அதனால் இது அடிபட்டால் வாய் கோணாது, சிரிப்பு மாறாது. தொட்டால் தெரியாது, சுட்டால் தெரியாது, அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" ஒரு நாயனக்காரருக்கு எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஓபிஜியில் இந்தக் குழாய் இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். வேர் அதன்மேல் விழுகிற இடத்தில் முக்கியமாக மூன்றைப் பார்ப்போம்: வேர் அந்த இடத்தில் கறுத்துத் தெரிகிறதா, வெள்ளைக் கோடு அறுந்திருக்கிறதா, குழாய் தன் வழியை விட்டு வளைந்து போகிறதா. 1990-இல் வந்த ஓர் ஆய்வு இந்த மூன்று அடையாளங்களுக்கும் நரம்புக் காயத்துக்கும் தொடர்பைக் காட்டியது. இன்றைக்கும் அவற்றைத்தான் தேடுகிறோம். ஆனால் ஓபிஜி தட்டையான படம். வேரும் குழாயும் உண்மையில் ஒட்டி நிற்கின்றனவா, ஒன்றின் பின்னால் ஒன்று எட்டி நிற்கின்றனவா என்று அதில் தெரியாது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கான். நிபுணர் அதை எடுக்கச் சொன்னாரா என்று எழுதுங்கோ.

செய்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "அரைவேலை" என்று அம்மா சொன்னது எனக்குக் கொஞ்சம் குத்துகிறது. விறைப்பு ஊசி போட்டு முரசைத் திறந்து, தலையும் வேரும் சேருகிற கழுத்தில் வெட்டுவார்கள். நாக்குப் பக்க எலும்புவரை கருவியைக் கொண்டுபோகாமல் சற்று முன்னே நிறுத்தி, மிச்சத்தை நெம்பிப் பிரிப்பார்கள். அந்தப் பக்கத்தில் நாக்கின் உணர்ச்சிக்கும் ருசிக்கும் உரிய நரம்பு போகிறது. பிறகு வேரின் மேல்முனையை எலும்பு விளிம்பிலிருந்து 3, 4 மில்லிமீற்றர் கீழே போகும்வரை தேய்ப்பார்கள். எனாமல் ஒரு துணுக்குக்கூட மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் அதன்மேல் எலும்பு மூடாது. இவ்வளவையும் வேரை ஆட்டாமல் செய்ய வேண்டும். கைப்பழக்கம் கேட்கிற வேலை, முழுப் பல்லை எடுப்பதைவிட இலேசு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

உள்ளே விட்ட வேர் அழுகாதா என்பதுதான் எல்லோருக்கும் வருகிற கேள்வி. அதற்கு வேர்ச்சிகிச்சை எதுவும் செய்வதில்லை, செய்து பார்த்தவர்களுக்கு அதனால் தொல்லைதான் கூடியது. வேருக்குள் இருக்கிற திசுவுக்குக் கீழிருந்து இரத்தோட்டம் வந்துகொண்டுதான் இருக்கும். வேறு காரணத்துக்காகப் பிறகு எடுத்த வேர்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது உள்ளே உயிருள்ள திசு இருந்திருக்கிறது. மேலே மெல்ல மெல்ல எலும்பு வளர்ந்து மூடும். 1984-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் இருவர் எழுதிய முறை இது, நேற்று வந்த புதினம் இல்லை.

கிளுவங்கதியால் பற்றி: பல் திரும்ப முளைக்காது அப்பு. ஆனால் வேர் மேலே நகரும், அதைப் பிறகு சொல்கிறேன், நோயாளி காத்திருக்கிறார்.


மானிப்பாயான் எழுதியது:

நான் மற்றப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். எனக்கு ஞானப்பல்லை முழுதாகத்தான் எடுத்தார்கள். எந்த இடம் என்று எழுத விரும்பவில்லை. நரம்பு என்ற சொல்லையே அதற்கு முன் யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள், அதில் என்ன இருந்தது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் வாசித்துக் காட்டவில்லை.

விறைப்பு ஊசி பின்னேரம் விடும் என்றார்கள். மற்றப் பக்கமெல்லாம் விட்டது, கீழ்ச் சொண்டின் இடப்பாதி விடவில்லை. அது எப்படியிருக்கும் என்று அனுபவித்தால்தான் தெரியும். பிளேன்டீ குடித்தால் கோப்பை சொண்டில் பட்டதா இல்லையா என்று தெரியாது, நாடியால் வழிந்து சேட்டில் விழுந்த பிறகுதான் குனிந்து பார்ப்பேன். சாப்பிடும்போது நாடியில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கும். மனுசி எதிரில் இருந்து தன்னுடைய நாடியைத் தொட்டுக் காட்டுவா, நான் துடைப்பேன். பந்தியில் இருந்தால் அதைச் செய்யவும் ஆள் இல்லை. சவரம் செய்யும்போது வெட்டுப்பட்டது இரத்தத்தைக் கண்டுதான் தெரியும். தூக்கத்தில் சொண்டைக் கடித்துப் புண்.

வெளியே பார்க்க ஒன்றுமில்லை. அதனால் யாரிடம் சொன்னாலும் "நல்லாத்தானே இருக்கிறாய்" என்பார்கள்.

மாதக்கணக்கில் போன பிறகு நாடியில் சுள்சுள்ளென்று குத்தத் தொடங்கியது. டொக்டர் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டார், நரம்பு திரும்ப வருகிற அடையாளமாம். பெரும்பகுதி வந்துவிட்டது. சொண்டின் ஓரத்தில் ஒரு விரல்நுனி அளவு இடம் இன்னும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. நான் கடை வைத்திருக்கிறவன், என் பிழைப்புக்கு அது தேவையில்லை. உங்களுக்கு அப்படி இல்லை அண்ணை. வேரை விடலாம் என்று ஒருவர் சொன்னால் அவரை இரண்டு தரம் கும்பிட்டுவிட்டு விடுவேன்.


இணுவில்_நாயனம் எழுதியது:

மானிப்பாய் அண்ணை, வாசிக்கவே பயமாக இருக்கிறது. சுகமாக வேணும்.

டொக்டர், ஸ்கான் எடுக்கச் சொல்லித் துண்டு தந்திருக்கிறார். ஒரு விசயம் கேட்க வேணும். எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? நூற்றில் ஒருவருக்கு என்றால் ஒரு கணக்கு, பத்தில் ஒருவருக்கு என்றால் வேறு கணக்கு.


வைத்தியர்_தென்மராட்சி எழுதியது:

ஞானப்பல் எடுக்கிற எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், சொண்டு நிரந்தரமாக விறைத்துப்போவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அந்தக் கணக்கு அண்ணைக்குப் பொருந்தாது. நரம்பிலிருந்து தூரமாக நிற்கிற பற்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. அண்ணைக்கு வேண்டியது, எக்ஸ்றேயில் நரம்போடு ஒட்டித் தெரிகிற பற்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு. அப்படி இரண்டு சொல்லலாம்.

லண்டனில் செய்து 2005-இல் வெளியிட்டது ஒன்று. முழுதாக எடுத்த 102 பற்களில் 19 இடத்தில் நரம்பு பாதிப்பு வந்தது. கொரோனெக்டமி சரியாக முடிந்த 58 பற்களில் ஒன்றுக்கும் வரவில்லை. மற்றது ஹொங்கொங்கில் செய்து 2009-இல் வெளிவந்தது. முழுதாக எடுத்த 178-இல் 9, கொரோனெக்டமி செய்த 171-இல் 1.


கோண்டாவில்_கணக்கர் எழுதியது:

ஐந்தில் ஒருவருக்கா? அப்படியென்றால் யாழ்ப்பாணத்தில் பாதிச் சனம் சொண்டு விறைத்தல்லவா திரிய வேணும்.

இன்னொன்றும் கேட்கிறேன். "சரியாக முடிந்த 58" என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாக முடியாதவை எத்தனை? கணக்கில் எப்போதும் அந்த வரியைத்தான் பார்க்க வேணும்.


வைத்தியர்_தென்மராட்சி எழுதியது:

கணக்கர் சரியான இடத்தில் கை வைத்தார்.

முதல் கேள்விக்கு: ஆய்வில் சேர்த்ததே ஆபத்து கூடிய பற்களை. அதோடு, இப்படி வருகிற விறைப்பில் பெரும்பாலானவை வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். நரம்பு நசுங்கியதா, கிழிந்ததா, அறுந்ததா என்பதைப் பொறுத்தது அது.

இரண்டாவதுக்கு: அந்த லண்டன் ஆய்வில் கொரோனெக்டமி செய்யத் தொடங்கியவை 94. அதில் 36 இடத்தில் வெட்டும்போது வேர் ஆடிவிட்டதால் முழுதாக எடுக்கவேண்டி வந்தது. ஆடிய வேரை விட முடியாது, இரத்தோட்டம் அறுந்து அது கெட்டுவிடும். அந்த 36-இல் 3 பேருக்கு நரம்பு பாதிப்பு. கூம்பாக ஒடுங்குகிற ஒற்றை வேர்கள்தான் இலேசில் ஆடும். அண்ணைக்கு வேர் இரண்டு பிரிந்து நிற்கிறது என்பது அந்த அளவில் நல்லது. ஆனாலும் ஒன்றை வடிவாக விளங்கிக்கொள்ளுங்கோ: கொரோனெக்டமிக்குச் சம்மதம் கொடுக்கும்போதே, வேர் ஆடினால் முழுதாக எடுக்கவும் சேர்த்துத்தான் சம்மதம் கொடுக்கிறீர்கள். மேசையில் இருக்கும்போது திடீரென்று அதைக் கேட்டுத் திகைக்கக் கூடாது.

நாக்கு நரம்பின் ஆபத்தும் இதனால் இல்லாமல் போய்விடாது. அது குழாய்க்குள் இல்லை, வெளியே மெல்லிய எலும்பை ஒட்டி ஓடுகிறது.


லண்டன்_வடலி எழுதியது:

ஊர் அராலி, இருப்பது லண்டன். எனக்குக் கொரோனெக்டமி செய்திருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

செய்த அன்று பெரிய விசயம் இல்லை. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம், கன்னம் பணிஸ் போல என்று மகள் சிரித்தா. நோவுக்குக் குளிசை, கஞ்சி, ஆறின சொதியில் குழைத்த இடியப்பம். சொண்டு விறைப்பு அன்று இரவே விட்டுவிட்டது. தையல் தானாகக் கரைகிற நூல்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஒன்றரை இரண்டு வருடம் கழித்து முரசில் நாக்கால் தடவினால் கூராக ஏதோ தட்டுப்பட்டது. எக்ஸ்றே எடுத்தால் வேர் மேலே ஏறி வந்திருக்கிறது. சத்திரசிகிச்சை நிபுணர் அதைப் பார்த்து முகம் மலர்ந்தார், எனக்குத்தான் எரிச்சல். "வேர் நரம்பை விட்டு மேலே வந்துவிட்டது, இனி எடுத்தால் பயமில்லை" என்றார். விறைப்பு ஊசி போட்டு எடுத்தார், முதல் தரத்தை விட விரைவாக முடிந்தது. விறைப்பு எதுவும் வரவில்லை.

ஆகவே இரண்டு தரம் வாய் திறந்து படுக்க ஆயத்தமாக இருக்க வேணும். என்னைக் கேட்டால் அது நல்ல பேரம். என் மச்சான் ஒருவனைக் கேட்டால், ஒரே தரத்தில் முடித்திருக்கலாமே என்பான். அவன் சொண்டு இல்லை அது.

நல்லூர்_வடக்குக்கு: இங்கே 2000-இல் வந்த அரச வழிகாட்டலின்படி நோயில்லாத ஞானப்பல்லைச் சும்மா எடுக்கக் கூடாது. ஆனால் நோய் வந்த பல்லையும் வைத்திருங்கோ என்று அதில் இல்லை. திரும்பத் திரும்ப வீங்கினால் எடுப்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.


வைத்தியர்_தென்மராட்சி எழுதியது:

லண்டன் அண்ணை நான் எழுதவிருந்ததில் பாதியை எழுதிவிட்டார். வேர் நகர்வது பெரும்பாலானவர்களுக்கு நடக்கிறது. முதல் வருடத்தில்தான் கூடுதலாக நகரும், சில மில்லிமீற்றர், பிறகு மெதுவாகி நின்றுவிடும். நரம்பு இருந்த இடத்திலேயே இருக்க, வேர் விலகி மேலே வரும். எல்லோருக்கும் அது முரசைத் துளைத்துக்கொண்டு வெளியே வராது, சிலருக்குத்தான் இரண்டாம் தரம் எடுக்கவேண்டி வரும். இளவயதில் நகர்வு கூட.

கிராம்பு எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. உப்புத்தண்ணி நல்லது, இளஞ்சூட்டில், செய்த மறுநாளிலிருந்து, மெதுவாக. கிராம்பு எண்ணெயைத் தையல் போட்ட இடத்தில் ஊற்றக் கூடாது, திசுவை எரித்துவிடும்.


சுன்னாகம்_அன்ரி எழுதியது:

எனக்கும் இப்படிச் சாய்ந்த பல் ஒன்று இருக்கிறது. சலரோகமும் இருக்கு, சீனி சில நேரம் 250க்கு மேலே போகும். எனக்கும் வேரை விட்டுச் செய்வினமோ?


வைத்தியர்_தென்மராட்சி எழுதியது:

சீனி அந்த அளவில் இருக்கும்போது எந்தப் பல் சத்திரசிகிச்சைக்கும் அவசரப்பட வேண்டாம் அன்ரி. முதலில் உங்கள் கிளினிக்கில் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கோ. புண் ஆறுகிற சக்தி குறைந்தவர்களுக்கு வேரை உள்ளே விடுவது அவ்வளவு நல்லதல்ல. தாடைக்குக் கதிர்ச் சிகிச்சை எடுக்கவிருப்பவர்களுக்கும் அப்படித்தான். இன்னொரு வகைப் பல்லும் உண்டு, நரம்புக் குழாயின் மேலேயே நீட்டுவாக்கில் படுத்திருக்கும். அதில் தலையை வெட்டுகிற கருவியே நரம்புக்குக் கிட்டப் போய்விடும், அங்கே கொரோனெக்டமியால் இலாபமில்லை. ஆகவே உங்கள் பல்லின் எக்ஸ்றேயைப் பார்க்காமல் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.


தவில்_மச்சான் எழுதியது:

நல்லாத்தான் எழுதுகிறீர்கள் எல்லோரும். ஆனால் ஒருவரும் முக்கியமான கேள்வியைக் கேட்கவில்லை. இவர் எத்தனை நாளைக்கு நாயனம் தொட ஏலாது? நல்லூர்க் கந்தசாமி கோயிலில் கொடியேறினால் திருவிழா இருபத்தைந்து நாள், அதைச் சுற்றி மற்றக் கோயில்கள். கோஷ்டியில் நாலு குடும்பம் இருக்கு.


வைத்தியர்_தென்மராட்சி எழுதியது:

திகதியை நிபுணர்தான் சொல்ல வேண்டும். பொதுவாகச் சில வாரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கோ. தையல் பிரியக் கூடாது, வீக்கமும் வாய் திறக்கிற இறுக்கமும் போக வேண்டும். நாயனத்துக்கு வாய்க்குள் காற்றை அடக்கிக் கொடுக்கிற அழுத்தம் கொஞ்சமில்லை, கன்னம் இழுபடும். புதுப்புண் திறந்துகொண்டால் வேரின் மேல் எலும்பு மூட வேண்டிய இடத்தில் அழுக்குப் போகும். தொடங்கும்போதும் வீட்டில் கொஞ்ச நேரம், மெல்லிய ஊதலாகத் தொடங்கி, நோகிறதா என்று பார்த்துக் கூட்டுங்கோ. திருவிழாவுக்கு முதல் கிழமை செய்துவிட்டு மேளக்கச்சேரிக்குப் போகிற யோசனையை விட்டுவிடுங்கோ.

சிகரட், வெற்றிலை இரண்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கோஷ்டியில் வெற்றிலைத் தட்டம் சுற்றிவரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.


கரவெட்டி_அப்பு எழுதியது:

என்னுடையது சூத்தைப் பல்லுத்தான், டொக்டர் சொன்னது சரி. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். பணக்காரன் கொழும்புக்கும் லண்டனுக்கும் போவான். இங்கே பெரியாஸ்பத்திரியில் இதெல்லாம் பார்ப்பார்களோ?


வைத்தியர்_தென்மராட்சி எழுதியது:

அரச வைத்தியசாலையில் பல்லுக்கும் காசில்லை அப்பு. யாழ் போதனா வைத்தியசாலையில் வாய், முகத் தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது, பல் டொக்டரின் துண்டோடு போகலாம். அங்கிருந்து தேவைப்பட்டால் பேராதனைப் பல் வைத்தியசாலைக்கோ கொழும்பு தேசிய பல் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். வரிசை நீளமாக இருக்கும், அது வேறு விசயம். சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து, தனியாரில் பார்க்கிற பலர் கடைசியில் அதே நிபுணரைத்தான் பார்க்கிறார்கள். ஸ்கான் எங்கே எடுப்பது, எவ்வளவு என்று முதலில் துண்டு தந்தவரிடமே கேளுங்கோ.


இணுவில்_நாயனம் எழுதியது:

ஸ்கான் எடுத்து நிபுணரைப் பார்த்துவிட்டு வந்தேன். கொம்பியூட்டரில் தாடையைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டினார். பின்வேரின் நுனியில் நரம்புக் குழாய் நாக்குப் பக்கமாக ஒட்டிக்கொண்டு போகிறது, இரண்டுக்கும் நடுவில் எலும்பே இல்லை. ஓரிடத்தில் வேரில் பள்ளம் விழுந்து, குழாய் அதற்குள் இறங்கி நிற்கிறது. அதைக் கண்ணால் கண்ட பிறகு எனக்கு முழுதாக எடுக்கிற ஆசை போய்விட்டது.

இங்கே எழுதியவற்றை ஒரு பேப்பரில் குறித்துக்கொண்டு போனேன். வேர் ஆடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கவனமாக எடுப்பேன், சம்மதப் படிவத்தில் அதுவும் இருக்கும்" என்றார். நீங்கள் இதுவரை செய்திருக்கிறீர்களா என்றும் கேட்டேன். தம்பி பக்கத்தில் இருந்து காலை மிதித்தான், டொக்டரிடம் அப்படிக் கேட்கலாமோ என்று. அவர் கோபிக்கவில்லை. செய்திருக்கிறார், தன் நோயாளிகளில் வேர் மேலே வந்து திரும்ப எடுத்த ஆளும் உண்டு என்றார். பல்லைக் கம்பி போட்டு மேலே இழுத்து, நரம்பை விட்டு விலக்கியபின் எடுக்கிற வழியும் உண்டாம், ஆனால் மாதக்கணக்கில் வாய்க்குள் கம்பியோடு நாயனம் ஊத ஏலாது. அது எனக்குச் சரிவராது.

நல்லூர் முடிந்து புரட்டாதியில் செய்வது என்று முடிவு. அந்த மாதம் கலியாண முகூர்த்தமும் இல்லை. அதுவரை வீங்காமல் இருக்கச் சிறிய பிறஷால் அந்த மடிப்பைத் துலக்கச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு ஸ்கான் படத்தைக் காட்டினேன். "இது ஆருடைய எலும்பு" என்று கேட்டுவிட்டு, சரி செய் என்றுவிட்டா.


மானிப்பாயான் எழுதியது:

நல்ல முடிவு அண்ணை. ஒன்று மட்டும். எனக்கு விறைப்பு விடாதபோது "இரண்டு கிழமை பார்ப்போம்" என்று நானே வீட்டில் இருந்துவிட்டேன். அப்படி இருக்கலாமோ டொக்டர்?


வைத்தியர்_தென்மராட்சி எழுதியது:

இருக்கக் கூடாது. ஊசியின் விறைப்பு சில மணித்தியாலத்தில் விட வேண்டும். மறுநாள் காலையிலும் சொண்டு மரத்திருந்தால் அன்றைக்கே செய்தவரைப் பார்க்க வேண்டும். வேர்த்துண்டோ எலும்புத்துண்டோ நரம்பை அழுத்திக்கொண்டிருந்தால் முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் அதை நீக்குவதுதான் பலன் தரும். அழுத்தம் எதுவும் இல்லையென்றால் பொறுத்துப் பார்ப்பார்கள், பஞ்சாலும் ஊசிநுனியாலும் தொட்டு எந்த இடம் தெரிகிறது, எந்த இடம் தெரியவில்லை என்று குறித்து வைத்து, அடுத்த முறை ஒப்பிடுவார்கள். அண்ணை, செய்வதற்கு முதலே சீவாளியைச் சொண்டில் வைத்து எப்படித் தெரிகிறது என்று ஒரு தரம் கவனித்து வைத்திருங்கோ. அதைவிட நுட்பமான சோதனை எங்களிடம் இல்லை.


லண்டன்_வடலி எழுதியது:

கடைசியாக ஒன்று, எனக்கு இங்கே நடந்தது. இரண்டாம் தரம் வேரை எடுப்பதற்கு முதல், வேறு ஊரில் ஒரு பல் டொக்டர் என் எக்ஸ்றேயைப் பார்த்துவிட்டு "யாரோ பல்லை முறித்து வேரை உள்ளே விட்டுவிட்டார்கள், இப்பவே தோண்டி எடுப்போம்" என்று கையுறை போடத் தொடங்கிவிட்டார். நல்லவேளை என் போனில் கடிதத்தின் படம் இருந்தது. ஆகவே செய்தவுடன் "வேர் வேண்டுமென்றே விடப்பட்டது" என்று திகதியோடு எழுதி வாங்குங்கோ. செய்த பிறகு எடுக்கிற முதல் எக்ஸ்றேயையும் அதோடு வையுங்கோ, பிறகு எடுப்பவற்றை அதோடு ஒப்பிட்டால்தான் வேர் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். கொப்பி தொலைந்தாலும் போனில் ஒரு படம், தம்பியின் போனிலும் ஒன்று.


இணுவில்_நாயனம் எழுதியது:

சரி அண்ணை, அதையும் பேப்பரில் எழுதிவிட்டேன். புரட்டாதியில் திகதி வந்ததும் இங்கேயே போடுகிறேன்.